நான்கு வரிப் பாட்டு

"உங்க தொண்டைக்கு மேல்ஸ்தாயி எல்லாம் ஆகாது சார். ரொம்ப ஏறாம இறங்காம போற பாட்டா சொல்லுங்க," என்றார் பாட்டு வாத்தியார்.

"என் வீட்டுக்காரி சமைக்கும்போது பாடுவா. அதுல ஒரு சின்னப் பாட்டு போதும்," என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர்.

அவள் இறந்த நாளிலிருந்து அவள் வளர்த்த கிளி வாயைத் திறக்கவில்லை. பாட்டைக் கேட்டாலாவது பேசுமா என்று, காலையும் மாலையும் கூண்டின் முன் நின்று, பல் தேய்ப்பதுபோலத் தவறாமல் அந்த நான்கு வரிகளைப் பாடிவந்தார்.

ஒரு மாதம் கழித்து இன்றுதான் சுருதி சேர்ந்தது. கிளி தலையைச் சாய்த்துக் கேட்டது. அவர் மூன்றாவது வரிக்கு வருவதற்குள், அவருடைய குரலிலேயே கத்தியது:

"போதும், நிறுத்துடி!"