இரண்டும் சிவப்பு

இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளிதான் இருந்தது. கட்டியவள் மருதாத்தாள். வேறு யாருக்கும் தெரிய வழியில்லை.

மாரியம்மன் காலடியில் பூவரச இலைப் பொட்டலங்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு என்பது வழக்கம். வெள்ளை வந்தால் அம்மனுக்குச் சம்மதம், ஆவணியில் கல்யாணம். சிவப்பு வந்தால் எல்லோரும் வந்த வழியே வீட்டுக்குப் போகலாம்.

பொட்டலம் கட்டுவது பூசாரி வேலை. அவருக்குக் கட்டைவிரலில் நகச்சுற்று. நேற்று அதற்கு மருந்து வைத்துக் கட்டியவளும் மருதாத்தாள்தான். நர்ஸம்மா கொஞ்சம் தாராளமாகவே கட்டியிருந்தாள், துணி மணிக்கட்டு வரைக்கும் சுற்றியிருந்தது.

அவள் அம்மா நாச்சம்மாள் வெள்ளை நந்தியாவட்டையில் இரண்டு, செவ்வரளியில் இரண்டு பறித்து வந்திருந்தாள். ஒன்று வாடினால் மாற்றுக்கு ஒன்று இருக்கட்டும் என்று. "நானே கட்டித் தரனுங்க" என்று கூடையை வாங்கிக்கொண்டு தூணுக்குப் பின்னால் போன மருதாத்தாள், இரண்டே நிமிடத்தில் கட்டிக் கொடுத்துவிட்டாள். கூடையில் மீந்த பூக்களை நாச்சம்மாள் எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

இந்த எழுபத்துநாலாம் வருஷத்தில் கொல்லங்கோட்டுப் பக்கம் சைக்கிள் மிதித்துப் போய்ப் பிரசவம் பார்க்கிறவள் மருதாத்தாள் ஒருத்திதான். கோபாலபுரத்து மாரப்பன் வீட்டில் மருமகள் வேலைக்குப் போகிற பழக்கம் கிடையாது. தன் மகனுக்குப் பெண் கேட்டு வந்த அன்றே, முதலில் அந்தச் சைக்கிளை விற்றுவிடுங்கள் என்று சொல்லிவிட்டார் மனிதர்.

சூரியநெல்லி எஸ்டேட்டில் கம்பவுண்டராக இருக்கும் நல்லமுத்து எதையும் விற்கச் சொன்னதில்லை. 'வேலையை விடாதே. உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது சொல்' என்றுதான் எழுதியிருந்தான். அவனைப் பிடித்திருந்தது. கட்டிக்கொள்வதா என்பதை அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. அந்த முடிவு தன் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதை அம்மாவிடம் சொல்ல முடியாது. அப்பா போன பிறகு குடும்பத்தைத் தாங்குகிறவர் தாய்மாமன் ஆறுச்சாமி. அவர் கிழித்த கோட்டை நாச்சம்மாள் தாண்டமாட்டாள். இந்த வரனைக் கொண்டு வந்தவரே அவர்தான். மாமனும் மருதாத்தாளும் ஒரு மாதமாக மல்லுக்கு நின்றபோது, "அம்மங்கிட்டப் பூக் கேட்டுரலாம். அவ சொல்லுக்கு எல்லாரும் கட்டுப்படோணும்" என்று முடித்து வைத்தவள் நாச்சம்மாள்.

பூசாரியின் நாலு வயதுப் பேத்தி ஒரு பொட்டலத்தை எடுத்து ஆறுச்சாமியிடம் நீட்டினாள். அவர் பிரித்தார்.

சிவப்பு.

அவர் முகம் தொங்கிப் போயிற்று. மருதாத்தாள் சந்தோஷம் தெரிந்துவிடக் கூடாதே என்று தரையைப் பார்த்துக்கொண்டாள். ஆனால் மாரப்பன் நகர்வதாக இல்லை.

"ஏனுங்க பூசாரி, பொட்டலங் கட்டுனது ஆருங்க?"

"நர்ஸம்மாதானுங்க. எனக்குக் கை இப்பிடி ஆயிப்போச்சுங்க."

"அப்பிடீங்களா. அந்த இன்னொன்னையும் பிரிச்சுப் பாத்துரலாமுங்க."

"அது வழக்கமில்லீங்களே."

"பொம்பளப் புள்ளை சைக்கிள் உடறதுங்கூட வழக்கமில்லீங்க" என்றார் மாரப்பன்.

மருதாத்தாள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அம்மனையே ஏமாற்றியவள் என்ற பேர் வந்தால் அப்புறம் எந்த வீட்டுப் படியேறிப் பிரசவம் பார்ப்பது? வேலையும் போகும். மாமன் கையைக் காலைக் கட்டியாவது கல்யாணத்தை நடத்திவிடுவார்.

பூசாரி பொட்டலத்தை எடுத்து வந்தார். மாரப்பன் கையை நீட்டினார். அதற்குள் நாச்சம்மாள் குறுக்கே வந்து முந்தானையை ஏந்தினாள்.

"இப்பிடிப் போடுங்க பூசாரி. நான் பிரிக்கறனுங்க."

"நீ எதுக்கக்கா?" என்றார் ஆறுச்சாமி.

"ஆகாதுன்னு போன காரியந்தான? இனித் தாலியறுத்தவ கை பட்டாக் கெட்டாப் போயிரும்?"

பூசாரி பொட்டலத்தை முந்தானையில் போட்டார். நாச்சம்மாள் அம்மன் பக்கம் திரும்பிக் குனிந்து, ஏதோ முணுமுணுத்துக்கொண்டே முடிச்சை அவிழ்த்தாள். அது லேசில் அவிழவில்லை. மருதாத்தாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பாத்துக்குங்க."

இலையில் வெள்ளை நந்தியாவட்டை இருந்தது.

மாரப்பன் பூவைப் பார்த்தார், அம்மனைப் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சந்தேகப்பட்டது தப்புத் தாயே" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிப் போனார். ஆறுச்சாமி சமாதானம் சொல்லிக்கொண்டே பின்னால் ஓடினார். பூசாரியும் பேத்தியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மருதாத்தாள் அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள். சாமி விஷயத்தில் விளையாடிவிட்டோமே என்று பயம் பிடித்துக்கொண்டது.

"அம்மா, நான் ரெண்டுலயும் செவ்வரளிதான் வெச்சேன். அம்மனே மாத்திட்டாளாம்மா?"

நாச்சம்மாள் மடியிலிருந்து கசங்கிய செவ்வரளி ஒன்றையும் வெள்ளைப் பூ ஒன்றையும் எடுத்துக் காட்டினாள்.

"கூடையில ரெண்டு வெள்ளையும் அப்பிடியே கெடந்துது. பூவை மாத்திக் கட்டறவ மிச்சத்தை அங்கயே உட்டுட்டா வருவா?"

"உனக்கு எப்பிடீம்மா இதெல்லாந் தெரியும்?"

நாச்சம்மாள் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்கய்யனைக் கட்டிக்கறதுக்கு நான் ரெண்டுலயும் வெள்ளை வெச்சவ."