இன்னிக்கும் உப்பு ஜாஸ்தி

"இதை மனுஷன் சாப்பிடுவானா?"

அம்மா கரண்டியை வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். பருப்பில் உப்பு கரித்தது. சாதம் அடியில் தீய்ந்து, மேலே அரைவேக்காடாக இருந்தது. சமைத்த அப்பா திருதிருவென்று விழித்தார்.

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மாவின் மார்பில் ஒரு கட்டி. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்த டாக்டர், "கேன்சர்னும் சொல்ல முடியல, இல்லைன்னும் சொல்ல முடியல. கட்டியையே எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிடலாம்" என்றார். எடுத்து அனுப்பியாயிற்று, பதில்தான் வந்தபாடில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அம்மா அழவில்லை. நேராகப் புருஷனை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"உங்களுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்ன பண்ணுவீங்க? ஒழுங்காக் கத்துக்குங்க!"

அன்று ஆரம்பித்த வகுப்பு. இரண்டு வாரமாகியும் மாணவர் தேறுகிற வழியைக் காணோம்.

"ஏம்ப்பா, நூறு ஒயர் இருந்தாலும் எது எங்க போகுதுன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்றீங்க. ஒரு கரண்டி உப்பு அளந்து போடத் தெரியலையா?" என்று எகிறினாள் மகள்.

எலக்ட்ரீஷியன் அப்பா தலையைச் சொறிந்தார். "அது வேற, இது வேறம்மா."

"தையல்கூட இன்னும் ஆறல. படுக்க வேண்டியவ, உங்களாலதான் தினம் எழுந்து வந்து நிக்கிறா. கொஞ்சமாவது அக்கறை இருந்தா இந்நேரம் கத்துக்கிட்டிருப்பீங்க!"

"விடுடி" என்றாள் அம்மா. "தள்ளுங்க, நாளைக்கு முதல்லேர்ந்து சொல்லித் தரேன். உங்களை இந்த லட்சணத்துல விட்டுட்டு நான் எங்க போறது?"

ரிசல்ட் வாங்கப் போன அன்றும் அப்பா கூட வரவில்லை. அவசர வேலையாம். டூல்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நீங்க போயிட்டு வாங்க" என்றார்.

டாக்டர் சிரித்துக்கொண்டே வரவேற்றார். "கேன்சர் இல்லம்மா. சாதாரணக் கட்டிதான், அதையும் எடுத்தாச்சு. ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவை வந்து காட்டுங்க, போதும்."

அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த மகள் அங்கேயே உடைந்து அழுதாள். அம்மாதான் அவள் கண்ணைத் துடைத்துவிட வேண்டியிருந்தது.

மகள் அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவர், "சரி, நேரா வீட்டுக்கு வாங்க" என்று வைத்துவிட்டார்.

"ரெண்டு வார்த்தை சந்தோஷமாப் பேசினா வாயிலேர்ந்து முத்து உதிர்ந்துடுமா?" என்று முணுமுணுத்தாள் மகள்.

வீட்டுக்கு வந்தால், டூல்ஸ் பை வாசலிலேயே கிடந்தது. மேஜையில் ஆவி பறக்க, உதிரி உதிரியாகச் சாதம். பருப்பு. பொன்னிறமாக வறுத்த உருளைக்கிழங்கு.

அம்மா ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய். உப்பு, காரம், பதம் எல்லாம் அப்படியே அவளுடைய கைப்பக்குவம்.

"கடையில வாங்கினீங்களா?"

"நான்தான் பண்ணேன்."

"எப்போ கத்துக்கிட்டீங்க?"

"நீ சொல்லிக் கொடுத்த ரெண்டாவது நாளே."

"அடப்பாவி மனுஷா! அப்புறம் ஏன் தினம் என் உயிரை வாங்கினீங்க?"

அப்பா அவள் தட்டில் இன்னொரு கரண்டி சாதம் வைத்தார்.

"இவருக்கு எல்லாம் தெரிஞ்சுடுச்சு, இனிமே கவலையில்லைன்னு நீ நிம்மதியாக் கிளம்பிட்டா, நான் என்ன பண்றது?"