ஆயில் விளக்கு

ஆயில் இல்லாமல் ஓடி இறுகிப்போன இன்ஜினைக் கழற்ற மெக்கானிக் சங்கிலியோடு நின்றார். தன் பழைய பிக்கப் வண்டியை இரவல் வாங்கிப்போன மனைவியின் தம்பி நல்லமுத்துவைச் செங்கோடன் தெருவே கேட்க ஏசிக்கொண்டிருந்தான்.

“ஆயில் குறைஞ்சா சிவப்பு லைட் எரிஞ்சிருக்குமேடா, கண்ணு அவிஞ்சா போச்சு?”

“சத்தியமா எரியல மாமா.”

“பொய் சொல்ற வாயைக் கிழிச்சிருவேன்!”

பேட்டரி ஒயரில் கைவைத்த மெக்கானிக்கைத் தடுத்துவிட்டு, செங்கோடன் கேபினுக்குள் பாய்ந்து சாவியைத் திருகினான். மீட்டர் கண்ணாடியில் ஆயில் விளக்கு இருக்கும் இடத்தில், ஆயுத பூஜையன்று அவனே அப்பிய சந்தனப் பொட்டு காய்ந்து கெட்டியாக ஒட்டியிருந்தது. அதன் விளிம்பில் மெல்லிய சிவப்பு கசிந்தது. செங்கோடன் வெளியே ஒருமுறை பார்த்தான். நகத்தால் பொட்டைச் சுரண்டித் தூளை ஊதித் தள்ளினான்.

“வந்து பாருடா!” முன்னைவிட உரக்கக் கத்தினான். “எரியுதா, இல்லையா?”