பதினேழாம் அடிக்குறிப்பு

சட்டமும் சமயமும் பற்றிய ஆய்விதழ் ஒன்று அச்சுக்குப் போகக் காத்திருந்தது. அதில் பூட்டிக் கிடந்த ஒரு கோயிலின் வழக்கைப் பற்றிய கட்டுரைக்குக் கீழே, பொடி எழுத்தில், பதினேழாம் அடிக்குறிப்பு இருந்தது: “வழக்கு நடந்த பதினோரு வருஷமும் பூட்டிய கதவுக்கு வெளியே பூவாயி சூடம் கொளுத்திக் கும்பிட்டுப் போனாள்.”

சட்டம் பார்க்க வந்த சிவப்புப் பென்சில், “இவள் வாதியுமில்லை, சாட்சியுமில்லை. கோடு போட்டு அடித்துவிடலாம்” என்றது.

சமயம் பார்க்க வந்த நீலப் பென்சில், “பூட்டுக்குப் பூசை எந்த ஆகமத்தில் இருக்கிறது? அடித்துவிடலாம்” என்றது.

அடிக்குறிப்புக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நாற்பது இதழாக எதிலும் ஒத்துப்போகாத நீங்கள், அவளை வெளியே தள்ளுவதில் மட்டும் ஒன்றாகிவிட்டீர்களா? அடியுங்கள்! மேலே வரியில் என் எண் நிற்கும். படிக்கிறவர் கீழே பார்ப்பார். இங்கே இருந்தது யார் என்று கேட்பார்.”

“எண்களை மாற்றிவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?” என்று சிரித்தது சிவப்பு. இரண்டும் சேர்ந்து பதினேழை அடித்தன. “பதினெட்டே, முன்னால் வந்து பதினேழாக நில்.”

பதினெட்டு அசையவில்லை. அதன் பின்னால் வரிசையில் நின்ற எண்களும் அசையவில்லை.

“அது பூவாயி நிற்கிற இடம்” என்றது பதினெட்டு.