மறதி வேஷம்

“உள்ள போனதும் நான் மறதிக்காரன். கேக்கறதுக்கெல்லாம் தப்புத் தப்பா பதில் சொல்லுவேன். நீ பாட்டுக்கு நடுவுல எடுத்துக் குடுத்துடாதே” என்று சமுதாயக் கூடத்தின் வாசலிலேயே மனைவியை எச்சரித்தார் தலைவர்.

“சரிங்க” என்றாள் அவள். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. சங்கத்துக்காரன் பெண்டாட்டி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

ஆலையிலிருந்து ஓய்வு பெற்று, சங்கத் தலைவர் பதவியும் போய்விட்டது. பட்டம் மட்டும் போகவில்லை. தொழிலாளர் குடியிருப்பில் யார் எதை நீட்டினாலும், “தலைவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறோம்” என்பார்கள். முன்பு இலவசக் கண் பரிசோதனை என்று வந்த கும்பல், அவர் வெளியூர் போயிருந்த நேரமாகப் பார்த்து ஆளுக்கொரு உதவாத கண்ணாடியைத் தலையில் கட்டிவிட்டுப் போனது. அந்த வயிற்றெரிச்சல் அவருக்கு இன்னும் அடங்கவில்லை.

இப்போது மறதி நோய் ஆராய்ச்சி என்று ஒரு கூட்டம் கடை விரித்திருக்கிறது. “இத்தனை காலம் படிச்சவங்களையும் வசதியானவங்களையும் வெச்சே ஆராய்ச்சி பண்ணிட்டோம். உங்களை மாதிரி உழைக்கிறவங்களும் வரணும்” என்று வீடு வீடாகப் போய்க் கும்பிடுகிறார்கள். திடீரென்று என்ன கரிசனம்? நம் ஜனங்களைச் சோதனை எலி ஆக்கப் பார்க்கிறார்கள். இன்னொரு தடவை ஜனங்கள் ஏமாந்தால் அப்புறம் தலைவர் என்று ஒருவர் எதற்கு? உள்ளே புகுந்து இவர்களுடைய குட்டை உடைத்துவிடுவது என்று முடிவு கட்டித்தான் வந்திருந்தார்.

“வாங்கய்யா, உக்காருங்க” என்றாள் ஆராய்ச்சிக்காரப் பெண். மேசைக்கு எதிரே உட்காராமல், நாற்காலியை இழுத்து அவருடைய வலது பக்கம் போட்டுக்கொண்டாள்.

தலைவருக்குச் சுருக்கென்றது. ஆலை இரைச்சலில் மந்தமாகிப் போனது அவருடைய இடது காது. அது இவளுக்கு எப்படித் தெரியும்?

டீ வந்தது. மனைவிக்குப் பால் டீ. அவருக்குப் பாலும் இல்லாமல் சர்க்கரையும் இல்லாமல், அவர் குடிக்கிற அதே கறுப்பு டீ. வாயைத் திறந்து அவர் கேட்கவே இல்லை.

‘ஆள் வெச்சு விசாரிச்சிருக்காங்க, பாத்தியா!’ என்று மனைவிக்குக் கண்ஜாடை காட்டினார். அவள் குனிந்து தன் டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

“பிடிக்கலைன்னா எப்ப வேணும்னாலும் எழுந்து போயிடலாங்கய்யா” என்றாள் அந்தப் பெண். “இப்ப அஞ்சு வார்த்தை சொல்றேன். மனசுல வெச்சுக்குங்க. கத்திரி, கிளி, ஏணி, சைக்கிள், மாங்கா. அப்புறமா கேப்பேன்.”

எவ்வளவு நைச்சியம்! தலைவர் வேஷத்தைத் தொடங்கினார். மாதத்தை மாற்றிச் சொன்னார். குடையைக் காட்டினால் விளக்குமாறு என்றார். “உங்க வீட்டுல யாரோட ஆட்சி?” என்று அவள் சிரித்துக்கொண்டே கேட்டபோது மட்டும், “இதோ, இவளோடதுதான்” என்று உண்மையைச் சொல்லிவிட்டார்.

“அந்த அஞ்சு வார்த்தை ஞாபகம் இருக்குங்களா?”

“கத்திரி” என்றார். ஒன்றைச் சொல்லிவிட்டு மற்ற நான்கையும் விழுங்கிவிடுவதுதான் திட்டம். விழுங்குவதற்காக அந்த நான்கையும் மனத்துக்குள் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. நடிப்பு அவ்வளவு தத்ரூபமாக அமைந்துவிட்டது என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

அதற்கு மேல் அவருக்குப் பொறுமை இல்லை. மேசையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

“போதும்மா! இவ்வளவு நேரம் நான் நடிச்சேன். எனக்கு மறதியும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. நீங்க யாரு, எங்க வலை வீசறீங்கன்னு பாக்கத்தான் வந்தேன்.”

அவள் அதிர்ந்து போவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ, “நல்லா நடிச்சீங்கய்யா” என்றாள்.

“எங்க ஆளுங்க ஒருத்தன்கூட இந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டான். நான் விட மாட்டேன்!”

“ஒருத்தர் ஏற்கெனவே சேர்ந்துட்டாருங்கய்யா. ‘எங்க ஜனங்களுக்கும் மறதி வருது, எங்களையும் படிங்க, மொதல்ல என்னைப் படிங்க’ன்னு அவராவே வந்தாரு. அவரைப் பாத்துத்தான் இப்ப மத்தவங்களும் வர ஆரம்பிச்சிருக்காங்க.”

தலைவருக்கு ரத்தம் கொதித்தது. “எவன் அந்தக் கருங்காலி? பேரைச் சொல்லு!”

“பேரைச் சொல்லக் கூடாதுங்கய்யா.”

“சொல்லாட்டி போ. சாயங்காலத்துக்குள்ள நானே கண்டுபிடிக்கறேன்” என்று விறுவிறுவென்று வெளியே போனார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “வா சீக்கிரம்!” என்று அங்கிருந்து ஒரு குரல் கொடுத்தார்.

அவர் மேசையிலேயே விட்டுவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியை எடுத்துத் துடைத்தாள் மனைவி. அப்படியே தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணிடம் மெல்லச் சொன்னாள்:

“எப்பவும் போல அடுத்த மாசமும் வேவு பாக்கக் கூட்டிட்டு வந்துடறேம்மா.”