ஆலாத்தீவில் இரண்டு மணி நேரம்

பறவைகளுக்கென ஒதுக்கிவிட்ட ஆலாத்தீவில் ஒருவர் வாழ்நாளில் ஒரு முறைதான் கால் வைக்கலாம், அதுவும் இரண்டு மணி நேரத்துக்கு. அங்கேயே பிறந்து வெளியேற்றப்பட்டவர்களுக்கும் அதே சட்டம்தான். பதினெட்டு வருடங்களாக உல்லாசப் பயணிகளைப் படகில் கொண்டுவந்து இறக்கிய சவிரிமுத்து, தன் முறையைச் செலவழிக்காமல் படகிலேயே காத்திருப்பார். ஓய்வு பெறும் நாளன்றுதான் இறங்கினார்.

“எங்க போகப்போறியள், அண்ணை?” என்று படகில் இருந்தபடியே கேட்டாள் வழிகாட்டி தர்ஷிகா.

“எங்கட வீட்டடிக்கு.”

சுவரும் கூரையும் போயிருந்தன. குசினியின் அடுப்புக்கற்கள் மட்டும் மணலில் கிடந்தன. பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்தால், அம்மா அந்த அடுப்பிலிருந்துதான் திருக்கைக் கறியை உள்ளங்கையில் ஊற்றி உப்புப் பார்க்கச் சொல்வாள். அந்த அடுப்பை ஒரு தடவை தொட்டுப் பார்க்கத்தான் இத்தனை காலம் காத்திருந்தார்.

கற்களுக்கு நடுவே ஓர் ஆலாப் பறவை அடைகாத்துக்கொண்டிருந்தது. அவர் ஓர் எட்டு வைத்ததும் சிறகை விரித்துக் கத்தியது. காலைப் பின்னுக்கு எடுத்தவர், நேரம் முடியும்வரை வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“உள்ளுக்குப் போனனீங்களோ, அண்ணை?” என்று படகுக்குத் திரும்பியவரிடம் தர்ஷிகா கேட்டாள்.

“இல்லைப் பிள்ளை,” என்றார். “அங்க ஆக்கள் இருக்கினம்.”