பார்சலுக்கு ஒரு பெயர்

மனிதகுலம் குகையை விட்டு வெளியே வந்ததே பட்டப்பெயரை அங்கே போட்டுவிட்டு வரத்தான் என்பது மதியழகனின் அசைக்க முடியாத கொள்கை. 'பூசணி பரோட்டா ஸ்டால்' வாசலில் நின்றுகொண்டே மனைவி சுகந்தியிடம், "தன்மானம் உள்ளவன் அதைப் போர்டுல எழுதி லைட் போடுவானா?" என்று கேட்டான். கடைக்காரன் அல்போன்ஸ் அவனோடு எட்டாம் வகுப்பு படித்தவன். ஒரே கும்பல்தான் இருவரையும் மைதானத்தில் துரத்தித் துரத்தி அடித்தது, ஆளுக்கொரு பெயரும் வைத்தது. அல்போன்ஸுக்குப் பூசணி. மதியழகனுக்கு வைத்தது சுகந்திக்குக்கூடத் தெரியாது. ஆபீஸில் யார் சிரித்தாலும் அவன் காதில் அந்தப் பெயர்தான் விழும். அதனாலேயே மீட்டிங்கில் வாயைத் திறக்காமல், வந்த பிரமோஷனையும் கோட்டை விட்டிருந்தான்.

இப்போது அந்தக் கும்பலில் ஒருவனே வரிசையில் நின்று, "பூசணி, எனக்கு ரெண்டு செட்டுடா" என்றான். "உனக்குக் கருகுனதுதாண்டா" என்று அல்போன்ஸ் தொப்பை குலுங்கச் சிரித்தான். கடையே சேர்ந்து சிரித்தது. மதியழகனுக்கு வயிறு எரிந்தது. பசி என்று சொல்லிக்கொண்டான்.

"வெட்கங்கெட்டவன்" என்றான்.

"சிரிச்ச முகமா இருக்காருங்க" என்றாள் சுகந்தி.

அவளை வண்டியருகே நிறுத்திவிட்டு அவன் பார்சல் கவுண்டருக்குப் போனான். அங்கே மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் பொட்டலம் கொடுப்பார்கள். கவுண்டர்ப் பெண் நிமிர்ந்தாள். "பேர் சொல்லுங்கண்ணா."

மதியழகன் முன்னும் பின்னும் பார்த்தான். பிறகு குனிந்து, "நெத்திலி" என்றான்.

"கேக்கலண்ணா, சத்தமாச் சொல்லுங்க."